நடைபாதை வளாகம் வேண்டாம், நடைத்தெரு போதும்

மகாமகக் குளத்தைச் சுற்றியுள்ள வீதிகளில் வண்டிகளை விடாமல், அவற்றை நடப்பவர்களுக்கே விடலாம் என்று கும்பகோணத்தில் யார் பேச்செடுத்தாலும் அடுத்த வாக்கியத்தில் ‘நடைபாதை வளாகம்’ வந்து நிற்கிறது. 2019இல் சென்னை பாண்டி பஜாரில் திறந்ததற்குச் சூட்டிய பெயர் அது. அங்கே நடைபாதையை அகலமாக்கினார்கள், பக்கத்திலேயே வண்டியும் ஓடுகிறது, அதனால் ஓரளவு பொருந்தும் என்றே வைத்துக்கொள்வோம். தெரு முழுவதையும் மக்களுக்கு விடுவதற்கு அந்தப் பெயர் ஆகாது.

ஆங்கிலத்தில் ‘பெடஸ்ட்ரியன் ஸ்ட்ரீட்’. முதற்சொல் லத்தீனில் காலால் செல்வதைக் குறிப்பது, நம் ஊரில் புழங்கும் வடசொல்லான பாதசாரியில் உள்ள ‘பாத’த்துக்கு உறவு. சரி, பிறப்பு இவ்வளவுதான்.

இப்போது ‘நடைபாதை’யைப் பாருங்கள். நடைபாதைக் கடை, நடைபாதை வியாபாரி என்றால் நமக்கு எது தோன்றுகிறது? சாலையின் ஓரம். நடுவில் வண்டி போகும், நீ ஓரமாகப் போ என்பதுதான் அந்தச் சொல்லின் பொருள். எந்த ஏற்பாட்டை மாற்ற நினைக்கிறோமோ அதையே பெயராக வைப்பது என்ன நியாயம்? அடுத்து ‘வளாகம்’. நல்ல பழந்தமிழ்ச் சொல், புறநானூற்றில் ‘தெண்கடல் வளாகம்’ என்று கடல் சூழ்ந்த உலகத்துக்கே வருகிறது. இன்று அது கல்லூரி வளாகம், ஆட்சியர் அலுவலக வளாகம் என மதிலும் வாயிலும் உள்ள இடம். தெருவுக்கு மதில் ஏது? வீட்டு வாசல்கள் திறக்கும் இடம், பால்காரர் வரும் இடம், சாமி புறப்பாடு போகும் இடம் அது.

‘வாகனமில்லாப் பகுதி’ என்பதும் எனக்கு ஒப்பவில்லை. இல்லாததைச் சொல்லிப் பெயர் வைத்தால், ஏதோ ஒன்றைப் பறித்துவிட்டார்கள் என்ற எண்ணம்தான் கடைக்காரர் மனத்தில் எழும். கோபன்ஹேகனில் 1962இல் ஸ்ட்ரோகெட் தெருவிலிருந்து கார்களை விலக்கியபோது அங்கேயும் கடைக்காரர்கள் வியாபாரம் படுத்துவிடும் என்றுதான் அஞ்சினார்கள், நடந்தது நேர்மாறு. மெதுவாக நடப்பவர்தான் கடையை எட்டிப் பார்க்கிறார், குழந்தையின் கையை விட்டுவிட்டுப் பேரம் பேசுகிறார், தெரிந்தவரைக் கண்டால் நின்று பேசுகிறார். அந்த இன்பம் பெயரில் தெரிய வேண்டாமா?

இதைவிடக் கொடுமை, ஒரு தெருவை மக்களுக்குத் திறந்துவிட்டால் ‘போக்குவரத்துக்குத் தடை’ என்று எழுதுவது. போவதும் வருவதும்தானே போக்குவரத்து? நடப்பவர் போகவில்லையா, வரவில்லையா? மொழிபெயர்ப்பவர்கள் ஆங்கில வரியை மட்டும் பார்க்கிறார்கள், தெருவைப் பார்ப்பதில்லை.

நான் சொல்வது நடைத்தெரு. கடைத்தெரு என்ற வார்ப்பு நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது, கடைகளுக்கான தெரு கடைத்தெரு என்றால் நடைக்கான தெரு நடைத்தெரு. யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. வீட்டு நுழைவையும் நடை என்கிறோமே, கோயில் நடை சாத்தியாகிவிட்டது என்கிறோமே, குழப்பம் வராதா என்று கேட்கலாம். ‘தெரு’ ஒட்டிவிட்ட பிறகு அந்தக் குழப்பத்துக்கு இடமே இல்லை. பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்தைப் பாடும்போது ‘நனந்தலை மறுகு’ என்கிறது, அகன்ற தெரு என்று பொருள். அந்த ‘மறுகு’ எனக்கும் ஆசைதான், ஆனால் இன்று மறுகுவது மனம்தான், தெரு அல்ல. அதனால் வேண்டாம்.

தேர்வீதிகளுக்கு ‘கார் ஸ்ட்ரீட்’ என்ற ஆங்கிலப் பெயரும் உண்டு. அந்தக் ‘கார்’ தேர், மோட்டார் அல்ல. திருவாரூரில் 96 அடி ஆழித்தேர் திரும்பும் நாளில் அந்த வீதிகளில் எந்த வண்டியும் நுழைவதில்லை, ஊரே நடுத்தெருவில் நடக்கிறது. அன்றைக்கு அது நடைத்தெருதான். புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் தினமும் மாலையில் வண்டிகளை உள்ளே விடுவதில்லையே, அதை மாலை நடைத்தெரு என்று சொல்லிப் பாருங்கள், எவ்வளவு இயல்பாக வருகிறது.