எழுத்துரு: ஃபான்ட் என்ற சொல்லுக்குள் இருக்கும் உலை

ஃபான்ட் என்ற சொல் கணினியோடு வந்தது அல்ல, உலையிலிருந்து வந்தது. உருக்கு, வார் என்று பொருள் தரும் பிரெஞ்சு வினை ‘ஃபோந்த்ர்’. அதிலிருந்து ‘ஃபோந்த்’, அதாவது வார்ப்பு. ஈயக் கலவையை உருக்கி ஊற்றி ஒவ்வோர் எழுத்தாக வார்த்தெடுத்த காலம் அது. அதனால் ஒரே வடிவம், ஒரே அளவு, ஒரே தடிமன் உள்ள எழுத்துத் தொகுதிக்குத்தான் ஃபான்ட் என்று பெயர். 10 புள்ளி (புள்ளி என்பது இங்கே எழுத்தின் அளவைச் சொல்லும் அலகு, பாயின்ட்) ஒரு ஃபான்ட் என்றால் 12 புள்ளி இன்னொன்று. டைப்ஃபேஸ் வேறு, அது எழுத்துகளின் வடிவமைப்பைக் குறிப்பது. அச்செழுத்தில் மை படுகிற மேற்பரப்பு அதன் முகம், அந்த முகத்தின் பெயரே வடிவமைப்புக்கும் ஆகிவந்தது. கணினியில் ஒரே கோப்பிலிருந்து எந்த அளவும் கிடைக்க ஆரம்பித்ததும் இரண்டு சொல்லும் கலந்துவிட்டன.

சரி, தமிழில்? எழுத்து + உரு = எழுத்துரு. (உருக்கு என்பதிலும் ‘உரு’ ஒலிக்கிறதே என்று உறவு கொண்டாடிவிட வேண்டாம், அது தற்செயல்.) ஆங்கிலச் சொல் செய்முறையைச் சொல்கிறது, நம்முடையது தோற்றத்தைச் சொல்கிறது. வாசிப்பவருக்கு வேண்டியது தோற்றம்தான், அதனால் நம் சொல்லே பொருத்தம் என்பேன். சிலர் இதற்கு வரிவடிவம் என்று எழுதுகிறார்கள், அது சரியில்லை: ‘அ’ என்பதன் பொது உருவம் வரிவடிவம், அதை ஒரு வடிவமைப்பாளர் வரைந்த விதம் எழுத்துரு.

அந்த விதம் எவ்வளவு வேலை செய்கிறது என்பதற்குத் தமிழே சாட்சி. ‘ர’வுக்கும் துணைக்காலுக்கும் இடையே இருப்பது அடியில் ஒரு சிறு சாய்கோடு, அதை வடிவமைப்பாளர் குறுக்கிவிட்டால் சிறிய அளவில் கண் தடுமாறும். ‘எ’, ‘ஏ’ கதையும் அதேதான். புள்ளி சின்னதாகிப்போனால் மெய்யெழுத்து உயிர்மெய்யாகிவிடும்.

கண் தடுமாறினால் மனமும் தடுமாறுகிறது. ஹியூன்ஜின் சாங், நார்பர்ட் ஷ்வார்ட்ஸ் என்ற இரு உளவியல் ஆய்வாளர்கள் 2008இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே உடற்பயிற்சிக் குறிப்பைச் சிலருக்கு ஏரியல் எழுத்துருவிலும் சிலருக்குப் படிக்கச் சிரமமான தூரிகை எழுத்துருவிலும் கொடுத்தார்கள். ஏரியலில் படித்தவர்கள் பயிற்சிக்குச் சராசரியாக 8 நிமிடம் ஆகும் என்றார்கள், மற்றவர்கள் 15 நிமிடம் என்றார்கள்! படிக்கப் பட்ட பாட்டைப் பயிற்சியின் கணக்கில் எழுதிவிட்டார்கள்.

அப்புறம் டைப்ஃபேஸ்? பேச்சுவழக்குக்கு எழுத்துருவே போதும். வடிவமைப்பை மட்டும் பிரித்துச் சொல்ல வேண்டிய இடத்தில் எழுத்துமுகம் என்று எழுதிப் பாருங்கள், புரியாமல் போகாது.