சின்ன ஊர் விமான நிலையமும் ‘ககன்’ விதியும்

சின்ன ஊர் விமான நிலையத்துக்கு டிக்கெட் போட்டவர்களுக்கு இது பழகியிருக்கும்: லேசாக மூட்டம் போட்டால் போதும், விமானம் மேலே ரெண்டு சுற்று சுற்றிவிட்டு வேறு ஊரில் கொண்டுபோய் இறக்கிவிடும். பைலட்டைத் திட்டிப் பயனில்லை, பல இடங்களில் ரன்வேயில் ஐஎல்எஸ் இருக்காது.

ஐஎல்எஸ் என்பது ரன்வே பக்கத்தில் நிற்கும் ஆன்டெனாக்கள். ரன்வேயின் நேர்கோட்டையும் இறங்க வேண்டிய சரிவையும் ரேடியோ அலையில் காட்டும். சரிவு காட்டும் ஆன்டெனாவுக்கு முன்னால் தரை சமமாக இருக்க வேண்டும் (தரையில் பட்டுத் தெறிக்கும் அலையும் அதற்கு வேண்டும்), அப்புறம் அவ்வப்போது தனி விமானம் பறக்கவிட்டு அளவு சரிபார்க்க வேண்டும். நாளைக்கு ஒன்றிரண்டு ஏடிஆர் (சின்ன ப்ரொப்பெல்லர் விமானம்) வந்துபோகிற ஊரில் இவ்வளவு செலவை யார் செய்வார்கள்?

அதற்குத்தான் ககன் என்கிற ஜிபிஎஸ் திருத்த ஏற்பாடு. இஸ்ரோவும் இந்திய விமான நிலைய ஆணையமும் சேர்ந்து 774 கோடி ரூபாயில் செய்தது. திருவனந்தபுரம், போர்ட் பிளேர், ஜெய்சல்மேர் என்று 15 இடங்களில் தரை நிலையங்கள். தான் நிற்கும் இடம் அந்த நிலையத்துக்குத் துல்லியமாகத் தெரியும், ஆகவே ஜிபிஎஸ் எவ்வளவு பிசகுகிறது என்பதும் தெரிந்துவிடும். திருத்தத்தைக் கணக்கிட்டு ஜிசாட் செயற்கைக்கோள் வழியாக விமானத்துக்கு அனுப்புகிறார்கள். சொல்ல எளிது, பூமியின் காந்த நடுக்கோடு நம் நாட்டின் தென்முனைப் பக்கம் போவதால் இங்கே அயனி மண்டலம் (ஜிபிஎஸ் அலையைத் தாமதப்படுத்தும் மேல்வளி அடுக்கு) ரொம்பவே படுத்தும், அமெரிக்காக்காரர்கள் இதே மாதிரி செய்ததை அப்படியே எடுத்துப் போட முடியவில்லை.

விதி இதுதான்: 2021 ஜூலை 1 முதல் இந்தியாவில் பதிவாகும் விமானங்களில் ககன் கருவி இருக்க வேண்டும். 2016 கொள்கையில் 2019 ஜனவரி 1 என்றுதான் இருந்தது, பிறகு தள்ளிப்போனது. ரன்வேயில் கருவி எதுவும் நட வேண்டாம், ஆனால் அந்த ரன்வேக்கென்று இறங்கும் முறையை வகுத்து, அனுமதி வாங்கி வெளியிட வேண்டும். 2022 ஏப்ரல் 28 அன்று இண்டிகோவின் ஏடிஆர் ஒன்று ராஜஸ்தானின் கிஷன்கரில் இப்படி இறங்கிக் காட்டியது. இந்த முறையில் 250 அடி வரை இறங்கி வந்து ரன்வே தெரிகிறதா என்று பார்க்கலாம். சாதாரண ஐஎல்எஸ்ஸில் 200 அடி. ஐம்பதடிதான் வித்தியாசம்!

ஆக, உங்கள் ஊருக்காக மனு எழுதுவதானால் ‘ககன் வேண்டும்’ என்று மட்டும் எழுதாதீர்கள், சிக்னல் ஏற்கெனவே தலைக்கு மேல் இருக்கிறது. ரன்வேக்கு முறை வெளியாகிவிட்டதா, வரும் விமானத்தில் கருவி இருக்கிறதா என்று கேளுங்கள். ஒன்று மட்டும்: ஜிபிஎஸ் அலையையே யாராவது குழப்பினால் ககனும் சேர்ந்து படுத்துவிடும், பெரிய நிலையங்களில் ஐஎல்எஸ்ஸைக் கழற்றாமல் வைத்திருப்பது சும்மா இல்லை.