இரண்டு நாள் பத்தியத்துக்கு மசியாத ஹெச்பிஏ1சி

வியாசர்பாடி வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "அம்மாவுக்கு வெறும் வயிற்றில் சர்க்கரை 112தான். ஆனால் ஹெச்பிஏ1சி 8 என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. லேபில் தப்பாக எடுத்துவிட்டார்களா?"

இரண்டுமே சரியாக இருக்கலாம். முதல் எண் அன்று காலை ரத்தம் எடுத்த நேரத்து அளவு. டெஸ்டுக்கு இரண்டு நாள் முன்பிருந்து இனிப்பை நிறுத்தி, ராத்திரி இரண்டு இட்லியோடு படுத்தால் அது இறங்கிவிடும். இன்னொன்றான ஹெச்பிஏ1சி, ரத்தத்தின் ஹீமோகுளோபினில் எத்தனை சதவீதத்தில் சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்ற கணக்கு. அது அப்படி மசியாது, அதற்குக் காரணமான வேதியியல் எனக்கு மிகவும் பிடித்தது.

சிவப்பணு ஒவ்வொன்றிலும் சுமார் 27 கோடி ஹீமோகுளோபின் மூலக்கூறுகள். குளுக்கோஸ் சிவப்பணுவுக்குள் போய்வர இன்சுலின் தேவையில்லை, வெளியே எவ்வளவோ உள்ளேயும் கிட்டத்தட்ட அவ்வளவு. குளுக்கோஸ் பெரும்பாலும் வளையமாகச் சுருண்டேதான் இருக்கும், மிக அபூர்வமாக அந்த வளையம் திறக்கும்போது எளிதில் வினைபுரியும் அதன் ஆல்டிஹைடு முனை வெளியே நீட்டும், பக்கத்தில் ஹீமோகுளோபின் புரதத்தின் ஒரு பகுதியான பீட்டா சங்கிலி இருந்தால் அதன் முதல் அமினோ அமிலமான வேலினில் போய் ஒட்டிக்கொள்ளும். நொதி எதுவும் வேண்டாம். இந்த முதல் ஒட்டல் தளர்வானது, சர்க்கரை குறைந்தால் பிரிந்தும் போய்விடும். பிரியாமல் நின்றவற்றில் சில, உள்ளுக்குள் அமைப்பு மாறி இறுகிவிடுகின்றன. அப்புறம் அந்தச் சிவப்பணு இருக்கும்வரை பிடி விடாது. கல்லில் தோசை சிவப்பதும் இதே வகை வினையில்தான் தொடங்குகிறது. அங்கே சில நிமிடங்களில் நடப்பது, உடம்புச் சூட்டில் வாரக்கணக்கில் நடக்கிறது!

சிவப்பணுவின் ஆயுள் ஏறக்குறைய 120 நாள். அதற்கு உட்கரு இல்லை, ஒட்டிய ஹீமோகுளோபினைத் தள்ளிவிட்டுப் புதிதாகச் செய்யவும் முடியாது. அதனால் மூன்று மாதச் சர்க்கரையும் அதில் பதிந்திருக்கும், அதில் கடைசி ஒரு மாதத்தின் பங்கே ஏறக்குறைய பாதி. 8 என்றால் சர்க்கரை சராசரியாக ஒரு டெசிலிட்டருக்கு 183 மில்லிகிராம். காலையில் 112 காட்டும் அம்மாவுக்குச் சாப்பாட்டுக்குப் பின் எகிறுகிறதோ என்று சந்தேகிக்கலாம்.

நீரிழிவு நோயாளிகளிடம் இந்த ஹீமோகுளோபின் கூடுதலாக இருப்பதை 1968இல் டெஹ்ரானில் ஆராய்ச்சியாளர் சாமுவேல் ரஹ்பர் கண்டார், அவர் தேடிக்கொண்டிருந்ததோ இயல்புக்கு மாறான ஹீமோகுளோபின் வகைகளை. உடனடிப் பயன் தெரியாத ஆராய்ச்சிக்கு அரசு ஏன் பணம் ஒதுக்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்.

ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். இரும்புச்சத்து குறைந்த ரத்தசோகை இருந்தால் இந்த எண் பொய்யாகக் கூடிக் காட்டலாம். ரத்தப்போக்கு, ரத்தம் ஏற்றியது, சிவப்பணு சீக்கிரம் அழியும் நோய்கள் இருந்தால் குறைத்துக் காட்டலாம். நம் வீட்டுப் பெண்களில் ரத்தசோகை எவ்வளவு சகஜம்! ஆனாலும் ரிப்போர்ட்டில் இதைத் தமிழில் ஒரு வரி அச்சடிக்க எந்த லேபுக்கும் தோன்றவில்லையே என்பது என் ஆதங்கம். அந்த இடைவெளியில்தான் "48 நாள் கஷாயம், சர்க்கரை வேரோடு போகும்" என்பவர்கள் நுழைகிறார்கள். அதை நம்பி மாத்திரையை நிறுத்தியவர்கள் கால் புண்ணோடு ஆஸ்பத்திரிக்கு வருவது கொடுமை.

அம்மாவுக்கு ஹீமோகுளோபின் அளவு பாருங்கள். வழக்கமாகச் சாப்பிடுவதையே சாப்பிடவைத்து, இரண்டு மணி நேரம் கழித்துச் சர்க்கரை பார்த்து, இரண்டையும் டாக்டரிடம் காட்டிப் பேசுங்கள். அதுவரை மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.