‘ஒரு வாய் ருசி பார்த்தால் என்ன, சாரே?’: திராட்சைத் தோட்டச் சுற்றுலா செல்லும் சர்க்கரை நோயாளிகளின் கவனத்திற்கு

நாகர்கோவிலில் பொது மருத்துவராகப் பணிபுரியும் என்னிடம், வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் புறப்படும் பெற்றோர் மாத்திரைச் சீட்டு வாங்க வருவது வழக்கம். நம் மாவட்டத்திலிருந்து செவிலியராக ஆஸ்திரேலியா சென்றவர்கள் ஏராளம் என்பதால், அவர்களில் பலரின் பயணத் திட்டத்தில் அடிலெய்டு நகருக்கு அருகிலுள்ள பரோசா பள்ளத்தாக்கின் திராட்சைத் தோட்டங்களும் இடம்பெறுகின்றன. “ஒயின்தானே, ஒரு வாய் ருசி பார்த்தால் என்ன, சாரே?” என்று கேட்பவர்களில் பெரும்பாலோர் வாழ்நாளில் மதுக்கடைப் பக்கமே போகாதவர்கள். ஆலயத் திருவிருந்திலும், கிறிஸ்துமஸுக்கு முன் வீட்டுப் பரணிச் சாடியில் திராட்சை ஊறும்போதும் மட்டுமே ஒயினைக் கண்டிருப்பதால், அதை மது என்று அவர்கள் மனம் எண்ணுவதே இல்லை. ஆனால் சுண்ணாம்பு தடவாத கலயத்தில் அக்கானி (பதநீர்) கள்ளாக மாறுவது எந்த நொதித்தலாலோ, அதே நொதித்தலால்தான் திராட்சைச் சாறும் ஒயினாகிறது. பரோசாவில் பெயர்பெற்ற ஷிராஸ் வகையில் மதுவின் அளவு பெரும்பாலும் 14 முதல் 15 விழுக்காடு. அது கள்ளைவிடச் செறிவானது.

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் ஊர் திரும்பியபின் என்னிடம் சொன்னதை, அவர் சம்மதத்துடன் எழுதுகிறேன். காலையில் கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் கலந்த வழக்கமான சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டு, மதியம் பெரிய விருந்து இருக்கிறது என்பதற்காக இரண்டு ரொட்டித் துண்டுகளோடு காலையுணவை முடித்திருக்கிறார். பத்தரை மணிக்கு முதல் தோட்டம், பிறகு இரண்டாவது, ஒன்றரை மணிக்கு மூன்றாவது. அங்கே, குளிரூட்டப்பட்ட அறைக்குள்ளேயே அவருடைய சட்டை முதுகோடு ஒட்டும் அளவுக்கு வியர்த்திருக்கிறது. மருமகளை மகளின் பெயர் சொல்லி அழைத்திருக்கிறார். அப்பாவுக்குப் போதை ஏறிவிட்டது, காரின் பின்னிருக்கையில் சற்று உறங்கட்டும் என்று மகன் சொல்ல, செவிலியரான மருமகள்தான் சம்மதிக்காமல் விரல்நுனியில் குத்திப் பார்த்திருக்கிறார். கருவி காட்டியது 2.7.

120, 140 என்று பார்த்துப் பழகிய அவருடைய மனைவி, கருவி கெட்டுவிட்டது என்றே நினைத்தாராம். ஆஸ்திரேலியாவில் சர்க்கரையை மில்லிமோல் கணக்கில் குறிப்பார்கள். அந்த எண்ணை 18 ஆல் பெருக்கினால் நம் ஊர்க் கணக்கு வரும். 2.7 என்பது ஏறத்தாழ 49 மில்லிகிராம். 70 க்குக் கீழே போனாலே தாழ்சர்க்கரை என்கிறோம். அந்தத் தோட்டத்தில் குழந்தைகளுக்கென்று வைத்திருந்த திராட்சைச் சாற்றைக் கொடுத்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி பார்த்தபோது 4.1 ஆக ஏறியிருக்கிறது. அன்று இரவு இரண்டு மணிக்கு மீண்டும் 3.6 க்கு இறங்கியதால், பால் கொடுத்துப் படுக்க வைத்திருக்கிறார்கள். பின்னிருக்கையில் உறங்க விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நினைக்கவே எனக்கு அச்சமாக இருக்கிறது.

உணவு இல்லாத நேரத்தில் இரத்தச் சர்க்கரையைத் தாங்கிப் பிடிப்பது கல்லீரல். மது உள்ளே வந்தவுடன் அதை முறிக்கும் வேலையில் கல்லீரல் இறங்கிவிடுவதால், புதிதாகச் சர்க்கரை உருவாக்கும் பணி தடைபடுகிறது. கிளிமிபிரைடு, கிளிக்லசைடு போன்ற மாத்திரைகளும் இன்சுலினும் இதைப் பொருட்படுத்தாமல் சர்க்கரையை இறக்கிக்கொண்டே இருக்கும். குடித்த நேரத்தில் மட்டுமல்லாமல், அன்று இரவும் மறுநாள் காலையும்கூடச் சர்க்கரை தாழலாம். வியர்வை, நடுக்கம், குழறல், தள்ளாட்டம் ஆகிய அனைத்தும் போதையின் அறிகுறிகளாகவும் தோன்றுவதுதான் இதிலுள்ள பெரிய ஆபத்து. வாயில் மது வாடையும் சேர்ந்துவிட்டால், கூட இருப்பவர்கள் தாழ்சர்க்கரை என்று சந்தேகிக்கக்கூட மாட்டார்கள்.

அந்த ‘ஒரு வாய்’ எவ்வளவு என்பதையும் கணக்கிட்டுப் பார்த்துவிடுவோம். ருசி பார்க்க ஊற்றும் அளவு பொதுவாக 30 மில்லி, அதாவது 10 மில்லி பிடிக்கும் இருமல் மருந்து மூடியில் மூன்று மூடி. ஒரு தோட்டத்தில் ஆறு வகை ருசித்தால் 180 மில்லி, 14.5 விழுக்காடு ஒயினில் அது சுமார் 20 கிராம் தூய மது. 10 கிராமை ஓர் அலகாகக் கொள்ளும் ஆஸ்திரேலியக் கணக்கில் இரண்டு அலகு. ஒரே நாளில் நான்கு தோட்டங்கள் என்றால் 80 கிராமைத் தாண்டிவிடும். நம் ஊர் மதுக்கடையில் விற்கும் 180 மில்லி பிராந்தியில் இருப்பது சுமார் 60 கிராம். ‘ருசி மட்டும் பார்த்தேன்’ என்பவர் ஒரு குவார்ட்டருக்கும் மேல் அருந்தியிருக்கிறார் என்பதை இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டும்போதுதான் பலர் நம்புகிறார்கள். உடல் ஓர் அலகைக் கழிக்க ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும்; காப்பியோ குளியலோ அதை விரைவுபடுத்தாது.

குடிப்பழக்கம் இல்லாதவர் இந்தச் சுற்றுலாவுக்காகத் தொடங்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. பாதுகாப்பான மதுவின் அளவு என்று ஒன்று இல்லை என உலக சுகாதார நிறுவனம் 2023 சனவரியில் தெளிவாகவே அறிவித்தது. இருந்தும் ருசி பார்க்கத்தான் போகிறேன் என்பவர்களிடம், வயிறு நிறைய உண்ட பிறகே செல்லுங்கள், ஒரு நாளுக்கு ஒரே தோட்டம் போதும், வாயில் வைத்துப் பார்த்துவிட்டு அங்குள்ள துப்பும் பாத்திரத்தில் துப்பிவிடுங்கள் என்று சொல்வேன். நம்மவர்கள் இதற்குக் கூசுகிறார்கள். ஒயின் தொழிலில் இருப்பவர்களே துப்பித்தான் ருசிக்கிறார்கள் என்பதால், யாரும் அதை மரியாதைக் குறைவாக எண்ணமாட்டார்கள். பையில் குளுக்கோஸ் பொட்டலமும் சர்க்கரைக் கருவியும் இருக்கட்டும். உறங்கும் முன் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். தாழ்சர்க்கரை வந்து விழுங்கும் நிலையில் இருந்தால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைக் கரைத்துக் கொடுத்து 15 நிமிடத்தில் மறுபடி பார்க்க வேண்டும். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் 000 எண்ணை அழைக்க வேண்டும். இரத்தம் உறையாமலிருக்கத் தரும் வார்ஃபரின், தூக்க மாத்திரை, வலிப்பு மாத்திரை எடுப்பவர்களும், கல்லீரல் பாதிப்பு உள்ளவர்களும், கர்ப்பிணிகளும் துளிகூடத் தொட வேண்டாம்.

வண்டி ஓட்டுபவர் ருசி பார்க்கவே கூடாது. அங்கே முழு உரிமம் உள்ளவருக்கு இரத்தத்தில் 0.05 விழுக்காடு எல்லை. நம் நாட்டில் அது 0.03 தான். மது அருந்திய நிலையில் நேரும் விபத்துக்குப் பல பயணக் காப்பீடுகள் பணம் தருவதில்லை என்பதையும் பாலிசியைப் படித்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

குடிக்காமலே பார்ப்பதற்கு அங்கே நிறைய இருக்கிறது. 1840 களில் நட்ட கொடிகள் சில, இன்றும் வேறு வேரில் ஒட்டுக்கட்டப்படாமல் தம் சொந்த வேரில் காய்க்கின்றன. ஐரோப்பிய தோட்டங்களை அழித்த ஃபிலாக்செரா என்னும் வேர்ப்பூச்சி, பரோசா அமைந்துள்ள தெற்கு ஆஸ்திரேலியா மாநிலத்துக்குள் இதுவரை நுழையாததே அதற்குக் காரணம். பார்வையாளர்களைக் கொடிவரிசைக்குள் நடக்கவிடாமல் தடுப்பதும் அந்தப் பூச்சிக்கு அஞ்சித்தான். தொற்றுநோய்க் காலத்தைக் கண்ட ஒரு மருத்துவனாக, செடிக்கும் இத்தனை கவனமான தனிமைக்காப்பு இருப்பதை நான் வியக்கிறேன். செப்பெல்ட்ஸ்ஃபீல்டு தோட்டத்தில் 1878 முதல் ஆண்டுக்கொரு பீப்பாயை நூறு ஆண்டு உறங்க வைக்கும் வழக்கத்தையும், அதன் சாலையோரத்தில் 1930 களின் பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில் தொழிலாளர்களுக்கு வேலை கொடுப்பதற்காக நட்ட பேரீச்சை வரிசையையும் காணலாம்.

அந்த ஆசிரியர் அடுத்த முறை புறப்படும்போது, இரண்டு வாரம் முன்பாகவே மாத்திரைகளோடு என்னிடம் வந்தார். கிளிமிபிரைடை நிறுத்தி, தாழ்சர்க்கரை வரும் வாய்ப்புக் குறைந்த வேறொரு மாத்திரைக்கு மாற்றி, மூன்று வாரக் குறிப்பேடு ஒன்றைக் கொடுத்தனுப்பினேன். திரும்பி வந்தபோது, பரோசா சென்ற நாளுக்கு எதிரே ‘திராட்சைச் சாறு அரைக் கிளாஸ், மதியம் 7.2, இரவு 6.8’ என்று மருமகளின் கையெழுத்தில் இருந்தது.