வெட்டிய தென்னையின் தூரைக் கொல்லையில் விட்டுவைக்காதீர்கள்

பேராவூரணிப் பக்கம் ஒரு வீட்டிலிருந்து போன மாதம் கூப்பிட்டார்கள். "மூணு வயசுத் தென்னம்பிள்ளை சார். வர்ற மட்டையெல்லாம் கத்தரிக்கோலால வெட்டின மாதிரியே வருது. என்ன மருந்து அடிக்கலாம்?" என்றார் அந்த அம்மா.

போய்ப் பார்த்தேன். விரிந்த மட்டைகளில் கீற்றுகள் முக்கோணமாக வெட்டுப்பட்டிருந்தன. காண்டாமிருக வண்டின் வேலை, சந்தேகமே இல்லை. பிள்ளையை விட்டுவிட்டுக் கொல்லையைச் சுற்றி வந்தேன். கிணற்றடியில் முழங்கால் உயரத்துக்கு ஒரு தென்னை அடிக்கட்டை, மேலே துளசித் தொட்டி.

"இதை எப்பம்மா வெட்டினீங்க?"

"நாலு வருசம் இருக்கும் சார். அது பாட்டுக்குக் கிடக்கு."

தொட்டியை இறக்கிவிட்டுக் கடப்பாரையால் குத்தினேன். மேல் ஓடு மட்டும்தான் கெட்டி. உள்ளே புட்டு மாதிரி உதிர்ந்தது. அந்த உதிரிக்குள் கட்டைவிரல் பருமனில், பழுப்புத் தலையோடு, சுருண்டு கிடந்தன வெள்ளைப் புழுக்கள். வாளியின் அடி மறைகிற அளவுக்குப் பொறுக்கினோம்.

இந்த வண்டு குருத்தைத் தின்னத்தான் மரத்துக்கு வருகிறது. முட்டையிடுவது மக்கிய தூரிலும் எருக்குழியிலும். நாலைந்து மாதம் அங்கேயே புழுவாக வளர்ந்து, கூட்டுப்புழுவாகி, வண்டாகி, இரவில் பறந்து போய்க் குருத்தைக் குடைகிறது. அது போட்ட ஓட்டையைத் தேடிச் சிவப்புக் கூன்வண்டும் வந்து முட்டை வைத்தால் மரமே போய்விடும். புழு வளரும் இடத்தை விட்டுவிட்டுக் குருத்துக்கு மட்டும் மருந்து வைத்தால், வருடம் முழுக்க வைத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையைக் கடந்தபோது எங்கள் பக்கத்துத் தோப்புகள் படுத்துவிட்டன. விழுந்த மரங்களை அறுத்து ஏற்றுவதே பெரும்பாடாக இருந்தது, தூரைத் தோண்ட யாருக்குத் தெம்பிருந்தது? அவை மக்கத் தொடங்கிய பிறகு, புதிதாக வைத்த பிள்ளைகளில் வண்டு என்று எனக்கு வந்த அழைப்புகள் கொஞ்சமல்ல.

தூரை அழிக்க அமிலம், கல்லுப்பு, பெருங்காயம் என்று ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். வேம்பு, முருங்கை என்றால் வெட்டிய கட்டை மறுபடி துளிர்க்கும், அதைச் சாகடிக்க வழி தேடுவதில் அர்த்தம் இருக்கிறது. தென்னைக்கு உயிர் கொண்டையில் மட்டும்தான். கொண்டை போன அன்றே மரம் செத்தாயிற்று, இனி அங்கே கொல்ல என்ன இருக்கிறது? கொட்டுகிற அமிலம் மண்ணைத்தான் கெடுக்கும். மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்துவதும் வீண். ஈரத் தூர் மேலே கருகும், உள்ளே வேகாது. கிணற்றுப் பக்கத்தில் அதைச் செய்யவே செய்யாதீர்கள்.

தோண்டி எடுப்பதுதான் வழி. தென்னைக்கு ஆணிவேர் கிடையாது, எல்லாம் பென்சில் பருமன் வேர்கள். மழை பெய்து மண் இளகியிருக்கும்போது, தூரிலிருந்து இரண்டடி தள்ளிச் சுற்றிலும் பள்ளம் எடுத்து, வேர்களைக் கோடாரியால் வெட்டிவிட்டால், இரண்டு பேர் கடப்பாரை போட்டு நெம்பினால் தூர் அசையும். எடுத்த தூரைப் பிளந்து காயவைத்து எரித்துவிடுங்கள். வேலியோரம் உருட்டிவிட்டால் வண்டுக்கு வீடு மாறியது, அவ்வளவுதான். சுவரோ மோட்டார் குழாயோ பக்கத்தில் இருந்தால் ஜேசிபி வேண்டாம், கையால் தோண்டுங்கள். உடனே எடுக்க வழியில்லை என்றால் தூரைக் கொத்திப் பிளந்து, மெட்டாரைசியம் என்ற பூஞ்சைக் கரைசலை ஊற்றலாம். அது புழுவின் மேல் பச்சையாகப் பூத்து அதைக் கொல்லும்.

ஒரே ஒரு விஷயத்தில் தள்ளிப்போடவே கூடாது. வெட்டும் முன் அந்த மரத்தின் அடியில் செம்பழுப்புச் சாறு வடிந்ததா? தூரில் வார்னிஷ் அடித்த மாதிரி மினுமினுக்கும், ஓரம் வெளுத்த காளான் தட்டுத் தட்டாக நீட்டிக்கொண்டிருக்கிறதா? அப்படியானால் அது தஞ்சாவூர் வாடல் நோய். அந்தப் பூஞ்சை தூரிலும் வேரிலும் உயிரோடு இருந்து, மண் வழியாகப் பக்கத்து மரத்துக்குப் போகும். தூரை வேரோடு எடுத்து அங்கேயே எரியுங்கள். பக்கத்து மரங்களைப் பிரித்து இரண்டடி ஆழம், ஓரடி அகலத்தில் வாய்க்கால் வெட்டுங்கள். அந்தக் குழியில் உடனே பிள்ளை வைக்க வேண்டாம்.

அந்த அம்மா வீட்டுத் தூரில் காளான் இல்லை. மறுநாளே ஆள் வைத்துத் தோண்டிவிட்டார். வாளிப் புழுவைக் கோழிகள் ஒரு நிமிடத்தில் காலி செய்தனவாம். பிள்ளையின் உள்மட்டை இடுக்குகளில் வேப்பங்கொட்டைத் தூளும் மணலும் கலந்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். இப்போது உள்ளே இருக்கும் குருத்தில் பழைய வெட்டு இருக்கத்தான் செய்யும். அதனால் அடுத்து வரும் ஒன்றிரண்டு மட்டை வெட்டோடு வந்தாலும் பதற வேண்டாம் என்று அவரிடம் சொல்லிவிட்டு வந்தேன்.