பல்சர் – துடிவிண்மீன்

பல்சர் என்பது விரைந்து சுழலும் நியூட்ரான் விண்மீன், அதாவது பெரிய விண்மீன் ஒன்று வெடித்தபின் எஞ்சும் மிக அடர்ந்த உள்ளகம். அதன் காந்த முனைகளிலிருந்து கிளம்பும் ரேடியோ அலைக்கற்றை ஒவ்வொரு சுற்றிலும் ஒருமுறை பூமியைத் தொட்டுச் செல்வதால், தொலைநோக்கியில் அது ஒழுங்கான இடைவெளியில் வரும் துடிப்பாகப் பதிவாகிறது. நம் ஊரில் இச்சொல்லைக் கேட்டதும் மோட்டார் சைக்கிளை நினைப்பவர்களே மிகுதி. அந்த வண்டி வருவதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே வானியலில் இச்சொல் நிலைபெற்றுவிட்டது.

1967ஆம் ஆண்டு கேம்பிரிட்ஜில் ஆய்வு மாணவியாக இருந்த ஜோஸ்லின் பெல், பதிவுத் தாளில் விழுந்த கோடுகளுக்கிடையே 1.337 நொடிக்கு ஒருமுறை தவறாமல் வரும் குறியொன்றைக் கண்டார். 1968 பிப்ரவரியில் ‘நேச்சர்’ இதழில் வெளிவந்த கட்டுரையின் தலைப்பு அதனை ‘வேகமாகத் துடிக்கும் ரேடியோ மூலம்’ என்ற பொருளில்தான் குறித்தது. அடுத்த மாதம் லண்டன் ‘டெய்லி டெலிகிராஃப்’ நாளிதழின் அறிவியல் செய்தியாளர் ஆண்டனி மைக்கேலிஸ், மிகத் தொலைவிலுள்ள பேரொளி மூலங்களுக்கு அதற்கு முன்பே வழக்கிலிருந்த ‘குவாசர்’ என்னும் சொல்லின் சாயலில் ‘பல்சர்’ என்று எழுதினார். அறிஞர் அவை கூடி வைத்த பெயரன்று, செய்தித்தாள் வைத்த பெயர் என்பதாலோ என்னவோ, அதில் ஒரு பிழையும் ஒட்டிக்கொண்டது. இவ்விண்மீன் விரிந்து சுருங்கித் துடிப்பதில்லை, சுழலத்தான் செய்கிறது. வெடித்த விண்மீனின் எச்சமான நண்டு நெபுலா என்னும் வாயுமுகிலின் நடுவில் நொடிக்கு 30 முறை துடிக்கும் பல்சர் 1968லேயே கண்டறியப்பட்டபோது, அத்தனை வேகத்தைத் தாங்கக்கூடியது நியூட்ரான் விண்மீனின் சுழற்சி மட்டுமே என்பது உறுதியாயிற்று.

தமிழில் துடிவிண்மீன் என்றும் துடிப்பு விண்மீன் என்றும் எழுதுகிறார்கள். உண்மையிலேயே விரிந்து சுருங்கும் செபீடு வகை விண்மீன்களும் இருப்பதால், துடிப்பு விண்மீன் என்பதை அவற்றுக்கு விட்டுவிட்டு, பல்சருக்குத் துடிவிண்மீன் என்பதை வரையறுத்துக்கொள்வதே குழப்பம் தவிர்க்கும் வழி. சுழல்மீன் என்றால் இன்னும் சரியாக இருக்குமே என்று கேட்கலாம். ஆனால் எல்லா விண்மீன்களும் சுழல்கின்றன. துடி என்பது புறநானூற்றிலேயே துடியன் கையில் ஒலித்த இடைசுருங்கிய பறையின் பெயரும் ஆகையால், சீரான இடைவெளியில் கேட்கும் கொட்டு என்ற பொருளும் சொல்லுக்குள்ளேயே அமைந்துவிடுகிறது. பொருள் எப்படி இயங்குகிறது என்பதை விட்டு, நமக்கு எப்படி எட்டுகிறது என்பதைச் சொல்லும் பெயராக அதைக் கொண்டால் பழைய பிழையும் ஒட்டாது.

இந்தச் சொல்லுக்கு ஈர்ப்பலைகளோடு, அதாவது நிறைமிக்க பொருள்கள் சுற்றும்போது வெளியில் பரவும் நுண்ணிய அதிர்வுகளோடு, உறவு ஏற்பட்டது ஜோசப் டெய்லர் என்ற அமெரிக்க வானியலாளரின் ஆய்வுப் பாதையில்தான். 1968இல் ஹார்வர்டில் முனைவர் பட்டம் பெற்ற கையோடு அவர் புதிதாக வந்த பல்சர்களின் பக்கம் திரும்பினார். 1974இல் அவருடைய மாணவர் ரசல் ஹல்ஸ், போர்ட்டோ ரிக்கோ தீவின் அரேசிபோவிலிருந்த 305 மீட்டர் விட்டமுள்ள ரேடியோ தொலைநோக்கியைக் கொண்டு, 59 மில்லிநொடிக்கு ஒருமுறை துடிக்கும் ஒரு பல்சரைக் கண்டார். திருவோண விண்மீன் இருக்கும் அதே கழுகு விண்மீன் கூட்டத்தில் இருந்த அதன் துடிப்பு இடைவெளி நிலையாக நிற்காமல், நாள்தோறும் ஒரே மாதிரி ஏறி இறங்கியது. அந்த ஏற்ற இறக்கமும் தினமும் ஏறத்தாழ 45 நிமிடம் முந்தியே வந்தது. 7 மணி 45 நிமிடத்துக்கு ஒருமுறை இன்னொரு நியூட்ரான் விண்மீனுடன் அது சுற்றிவருகிறது என்பதே அதன் காரணம்: மூன்று சுற்று முடிய 23 மணி 15 நிமிடம்தான் ஆகும்.

கண்டுபிடிப்பைவிட அதற்குப் பிறகான பொறுமைதான் பெரிது என்பேன். ஈர்ப்பலைகளாக ஆற்றல் வெளியேறினால் சுற்றுப்பாதை சுருங்க வேண்டும் என்பது ஐன்ஸ்டைன் கோட்பாட்டின் கணிப்பு. டெய்லரும் உடன் பணியாற்றியவர்களும் ஆண்டுக்கணக்கில் துடிப்புகளின் வருகை நேரத்தை அளந்து, சுற்றுக்காலம் ஆண்டுக்கு 76 மைக்ரோநொடி அளவே குறைகிறது என்று காட்டினார்கள். இந்த நுண்ணிய குறைவு சுற்றுக்குச் சுற்று சேர்ந்து சேர்ந்து, முப்பது ஆண்டுகளில், ஒவ்வொரு சுற்றிலும் இரு விண்மீன்களும் மிக நெருங்கிவரும் தருணத்தை ஏறத்தாழ 40 நொடி முன்னுக்குக் கொண்டுவந்துவிட்டது. கணிப்புக்கும் அளவுக்கும் இடைவெளி நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. இப்பல்சரின் கண்டுபிடிப்புக்காக 1993இல் டெய்லரும் ஹல்ஸும் நோபல் பரிசு பெற்றபோது, ஈர்ப்பலையை நேரடியாக உணர்ந்த கருவி உலகில் ஒன்றுமில்லை. அமெரிக்காவின் ஈர்ப்பலை ஆய்வகமான லைகோ அதைச் செய்தது 2015இல், இரு நியூட்ரான் விண்மீன்கள் மோதி இணைவதை அது பதிவுசெய்தது 2017இல்.

எழுதுவோர் கவனிக்க வேண்டிய வேறுபாடு ஒன்றுண்டு. ஹல்ஸ்–டெய்லர் இணையில் பல்சராக நமக்குத் தென்படுவது ஒன்று மட்டுமே. ஆகவே அதை இணைத் துடிவிண்மீன் என்க. 2003இல் ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கி கண்ட இணையிலோ இரண்டுமே பல்சர்கள். இரட்டைத் துடிவிண்மீன் என்ற பெயர் அதற்கே உரியது.