ரெக்கமாந்தே போட்டால் கெடு தள்ளிப்போகாது

பாரிஸுக்குப் பக்கத்துச் சார்செல்லிலிருந்து வந்த காரைக்கால்காரர் ஒருவர், என் மேசையில் இரண்டு பதிவுத் தபால் ரசீதுகளை எடுத்து வைத்தார். பதிவுத் தபாலுக்கு இங்கே ரெக்கமாந்தே என்று பெயர். மடித்து மடித்துக் கிழிந்த இடத்தில் டேப் ஒட்டியிருந்தது. சித்தப்பா மகனுக்குக் கடை எடுக்க 8,000 யூரோ கொடுத்திருக்கிறார், வங்கி வழியாக. எழுத்து எதுவும் இல்லை. "தம்பிகிட்ட எப்படி சார் கையெழுத்துக் கேக்கிறது?" என்றார். திருப்பித் தருவதாகச் சொன்ன நாள் போய் ஆறு வருடம் ஆகிவிட்டது. "ரெண்டு தடவை ரெக்கமாந்தே போட்டிருக்கேன், கெடு தள்ளிப் போயிருக்கும்ல?"

போகாது. பாரிஸில் நம் ஆட்களிடம் நான் அடிக்கடி பார்க்கும் தவறு இதுதான். பிரான்ஸில் இப்படிப்பட்ட கடனைக் கேட்டு வழக்குப் போட 5 ஆண்டுதான் கெடு. சிவில் சட்டத் தொகுப்பின் 2224ஆம் பிரிவு. 2008 வரை பொதுவான கெடு 30 ஆண்டாக இருந்தது. அந்தப் பழைய கணக்கு பெரியவர்கள் பலர் மனதில் இன்னும் இருக்கிறது. பதிவுத் தபாலில் முறையாக நாள் குறித்துப் பணம் கேட்டால் அன்றிலிருந்து வட்டி ஓடத் தொடங்கும். அந்த அளவுக்கு அது உபயோகம்தான். ஆனால் ஐந்தாண்டுக் கடிகாரத்தை அது நிறுத்தாது. நிறுத்துவது வழக்குப் போடுவது, ஜப்தி போன்ற நடவடிக்கை எடுப்பது, அல்லது கடன் வாங்கியவரே "ஆமாம், தர வேண்டியிருக்கிறது" என்று ஒப்புக்கொள்வது.

சரி, எழுத்தே இல்லாமல் கொடுத்த கடன் சட்டப்படி செல்லுமா? செல்லும். ஊரிலிருந்து வருகிறவர்களுக்கு இது புதிதாக இருக்கும். இந்தியாவின் 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தில் பிரதிபலன், அதாவது பதிலுக்குக் கிடைப்பது, இல்லாத ஒப்பந்தம், சில விலக்குகள் தவிர, செல்லாது. பிரெஞ்சுச் சட்டம் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. இரண்டு பேரும் மனமொப்பிச் சம்மதித்தார்களா, அதற்குத் தகுதியுள்ளவர்களா, விஷயம் சட்டத்துக்கு உட்பட்டதா என்று மட்டும் பார்க்கும். அப்புறம் அதே பிரெஞ்சுத் தொகுப்பின் 1103ஆம் பிரிவு: முறையாகச் செய்த ஒப்பந்தம் செய்தவர்களுக்குச் சட்டம் மாதிரி. அடுத்த பிரிவு, பேசும்போதும் செய்யும்போதும் நிறைவேற்றும்போதும் நாணயமாக நடக்கச் சொல்கிறது.

கடன் செல்லும், ஆனால் நிரூபிப்பது வேறு கதை. 1,500 யூரோவைத் தாண்டினால் எழுத்து வேண்டும் என்பது பொது விதி. வங்கிக் கணக்கில் பணம் போனது தெரிகிறதே என்று பலர் நினைக்கிறார்கள். பணம் போனது தெரியும். கடனாகப் போனதா, அன்பளிப்பாகப் போனதா என்பது அதில் தெரியாது. "அண்ணன் சும்மா கொடுத்தார்" என்று தம்பி சொல்லிவிட்டால், கடன்தான் என்று காட்ட வேண்டிய பாரம் அண்ணன் தலையில். நெருங்கிய உறவில் எழுத்துக் கேட்க மனம் வரவில்லை என்ற காரணத்தையும் சட்டம் ஒரு விதிவிலக்காக ஏற்கிறது. ஆனால் உறவு என்று சொன்னால் மட்டும் போதாது, அந்தக் குடும்பத்தில் எழுத்துக் கேட்க முடியாத நிலை இருந்தது என்று நீதிபதிக்குப் புரியவைக்க வேண்டும். அதை நம்பி நான் யாரையும் நிம்மதியாக வீட்டுக்கு அனுப்பியதில்லை.

அவருடைய ஃபோனை வாங்கி, தம்பியோடு பேசிய வாட்ஸ்அப்பை ஆரம்பத்திலிருந்து பார்த்தோம். கல்யாணப் போட்டோ, பிறந்தநாள் வாழ்த்து, சாமி படம். ஒரு மணி நேரத்துக்குப் பிறகு, நாலரை வருடத்துக்கு முந்தைய ஒரு வரி கிடைத்தது: "பொங்கல் கழியட்டும்ண்ணே, நீங்க கொடுத்த கடனைக் கொஞ்சம் கொஞ்சமாத் தந்துடறேன்."

தொகை அதில் இல்லை. ஆனாலும் அந்த ஒரு வரி இரண்டு வேலை செய்தது. கடன் வாங்கியவரே எழுதியது என்பதால் முழு ஆதாரமாக இல்லாவிட்டாலும், எழுத்துச் சான்றின் ஆரம்பமாக அது நிற்கும். 8,000 போனதைக் காட்டும் வங்கிக் கணக்கு அதற்குத் துணை நிற்கும். தவிர, கடனை ஒப்புக்கொண்ட வார்த்தை என்பதால் அன்றிலிருந்து ஐந்தாண்டு புதிதாக ஓடத் தொடங்கிவிட்டது. இன்னும் சில மாதம் மீதி இருந்தது. இரண்டு ரெக்கமாந்தே செய்யாததை அந்த ஒரு வரி செய்தது. பழைய ஃபோனை மாற்றும்போது செய்திகளை அழித்துவிடாதீர்கள் என்று நான் கெஞ்சாத குறையாகச் சொல்வது இதனால்தான்.

வழக்குக்கு முன் தம்பியை ஒருமுறை கூப்பிட்டுப் பேசலாம் என்றேன். வந்தார். ஏமாற்றுகிற ஆள் இல்லை, கடை நொடித்துப்போய் அண்ணன் முகத்தில் விழிக்கக் கூசியிருந்திருக்கிறார். கஷ்டத்தில் இருப்பவருக்கு நீதிபதியே இரண்டு ஆண்டு வரை தவணை கொடுக்கலாம் என்பதால், நாங்களும் 24 மாதத் தவணைக்குப் பேசி முடித்தோம். 5,000 யூரோவைத் தாண்டிய கடன் என்பதால் வருமான வரி தாக்கல் செய்யும்போது அதற்கான படிவமும் கொடுக்க வேண்டும் என்று இருவருக்கும் சொன்னேன். நிறைய பேர் விட்டுவிடுவது அது.

பத்திரத்தை நான் தட்டச்சு செய்துவிட்டேன், தொகையை மட்டும் எழுதவில்லை. கடன்பட்டவரே தொகையை எண்ணாலும் எழுத்தாலும் எழுத வேண்டும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் எழுத்தால் எழுதியதுதான் நிற்கும். தம்பி 8,000 என்று எழுதிவிட்டு, பிரெஞ்சில் எட்டாயிரத்துக்கு எழுத்துக்கூட்டத் தயங்கினார். அண்ணன் எட்டிப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாகச் சொல்ல, அவர் எழுதி முடித்துக் கையெழுத்துப் போட்டார்.